எட்டுப் பாயின்ட்டும் ஒரு மலை பஸ்ஸும்

ஊட்டியை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று தமிழில் தேடிப் பாருங்கள். வீடியோவோ கட்டுரையோ, வருகிற பட்டியல் ஏறக்குறைய ஒன்றேதான். தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி, பொட்டானிக்கல் கார்டன், ரோஸ் கார்டன், போட் ஹவுஸ். அப்புறம் கூடலூர் ரோட்டில் பைன் ஃபாரஸ்ட், ஷூட்டிங் மேடு, பைக்காரா. ஆக எட்டு பாயின்ட். ஒருத்தர் ஒன்றைக் கூட்டுவார், இன்னொருத்தர் ஒன்றைக் கழிப்பார். வரிசைகூட பெரும்பாலும் மாறாது.

இந்த மாதிரிப் பட்டியல்களைக் கொஞ்ச நாளாகச் சேகரித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதையும் ஒரு இலக்கிய வகையாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். யாரோ ஒருவர் எழுதி, நூறு பேர் திருப்பி எழுதி, இப்போது ஆசிரியர் பெயரே இல்லாமல் நாட்டுப்புறக் கதை மாதிரி உலவுகிறது. ஆனால் கூர்ந்து படித்தால் ஆசிரியர் யார் என்று தெரிந்துவிடும்: கார் ஸ்டாண்டு. எட்டு இடத்துக்கும் பொதுவான ஒரே லட்சணம், அங்கே வண்டியை நிறுத்த முடியும் என்பதுதான். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம், அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று கணக்கு. கோத்தகிரி ரோட்டில் இருப்பவை ஒரு கொத்து, கூடலூர் ரோட்டில் இருப்பவை இன்னொரு கொத்து. டீசல் செலவை மனசில் வைத்து ஒரு டிரைவர் போட்ட பாதை அது. டிரைவரைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர் பிழைப்பு. அந்தப் பாதையை அப்படியே எடுத்து ‘ஊட்டி’ என்று பெயர் வைத்து நமக்குக் கொடுக்கிறார்களே, அவர்களிடம்தான் என் சண்டை.

இந்த எழுத்துகளில் இரண்டு எச்சரிக்கைகள் தவறாமல் வரும். ‘ஆஃப் சீசன்ல போகாதீங்க, ஒண்ணும் இருக்காது.’ ‘சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாம போனா கஷ்டம்.’ நான் இருப்பது கோயம்புத்தூர். மலை கூப்பிடு தூரம். நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு எச்சரிக்கையையும் ஒரே நாளில் சோதித்துப் பார்க்கப் போனேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறத்தான் ஆசை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த ஆசையை யாரும் நம்பக்கூடாது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில், பல்சக்கரத்தைப் பிடித்து ரயில் ஏறுகிற அந்தச் செங்குத்துப் பகுதியில், மண்ணும் பாறையும் தண்டவாளத்தில் சரிவது ஏறக்குறைய வருஷாவருஷம் நடப்பது. அன்றைக்கும் மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் ரத்து. குன்னூர்–ஊட்டி மட்டும் ஓடுகிறது என்றார்கள். சரி என்று பஸ்.

அந்த பஸ்ஸில் சுற்றுலாப் பயணி என்று சொல்லத்தக்க ஆள் என்னையும் சேர்த்து நான்கைந்து பேர் இருப்போம். மற்றவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், கோவையில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் படுக மொழியில் விடாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். பின்னால் மலையாளம். பதினாலு கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிறவரை கண்டக்டர் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடியே டிக்கெட் கிழித்தார். “குன்னூர் தாண்டுனா சாரல் அடிக்கும், குடையை மேல வெச்சுக்கங்க சார்” என்றார். காரில் வந்திருந்தால் இதே வளைவுகளை ‘வியூ’ என்று பார்த்திருப்பேன். பஸ்ஸில் அது ஊருக்குப் போகிற வழி. பாதிப் பேர் தூங்கிக்கொண்டே வருகிறார்கள்.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது. எட்டு பாயின்ட் பட்டியலில் ஊட்டி என்பது நாம் போகிற இடம் மட்டும்தான். அங்கேயிருந்து யாரும் எங்கேயும் போவதில்லை, எங்கேயும் திரும்பி வருவதும் இல்லை. பஸ்ஸில் ஏறின முதல் பத்து நிமிஷத்திலேயே அந்தக் கற்பனை கலைந்துவிடுகிறது.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நீங்கள் நிற்பது ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடத்தில். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டிய ஏரி இப்போது போட் ஹவுஸ் பக்கம் தெரிவதைவிடப் பலமடங்கு பெரியது. அதன் மேல்பகுதி தூர்ந்து, பஸ் ஸ்டாண்டாகவும் குதிரைப் பந்தய மைதானமாகவும் ஆனது. பட்டியலில் ‘ஏரி’ என்றால் படகுத்துறை, டிக்கெட் கவுன்டர், பஜ்ஜிக் கடை. ஊரின் நடுப்பள்ளம் முழுக்கவே ஏரிதான் என்பது நடந்து போகிறவனுக்குக் காலில் தெரியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் வரை தரை சமமாக இருக்கும், அதைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்.

மார்க்கெட்டுக்குள் நுழைந்தபோதுதான் ‘ஆஃப் சீசன்’ என்ற சொல்லில் எனக்கு முதல் சந்தேகம். மூட்டை மூட்டையாகக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், டர்னிப். இறக்குகிறவர், எடை போடுகிறவர், பேரம் பேசுகிறவர் என்று கால் வைக்க இடமில்லை. ‘ஒண்ணும் இருக்காது’ என்றார்களே, எது இருக்காது? மழை பெய்தால் தேயிலை துளிர்க்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் அதே தேயிலை கருகும். கேரட் போட்டவருக்கு வேறொரு காலண்டர். கூலிக்குத் தேயிலை பறிக்கிற குடும்பங்களுக்கு இன்னொன்று. அவர்களில் பலர் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு (1964) அப்புறம் இலங்கையிலிருந்து இங்கே குடியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். இத்தனை காலண்டர் இருக்கிற ஊரில் ‘சீசன்’ என்ற சொல் ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும் எப்படிச் சொந்தமானது?

அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சமவெளி வெயில் தாங்காமல் சென்னை ராஜதானி அரசாங்கமே கோடையில் மலையேறியது. கவர்னர், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், ஃபைல் கட்டுகள் எல்லாம் ஊட்டிக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் இங்கிருந்துதான் ஆட்சி. அந்தக் காலத்துப் பத்திரிகைகளிலேயே இதற்குக் கண்டனம் உண்டு, ஜனங்கள் ஒரு பக்கம் இருக்க அரசாங்கம் இன்னொரு பக்கம் இருப்பதா என்று. ஆக, சீசன் என்பது மலையின் பருவத்தைக் குறிக்கிற சொல் கிடையாது. கீழே இருக்கிறவர்களுக்கு எப்போது வேர்க்கிறது என்பதைக் குறிக்கிற சொல். கவர்னர் போய்விட்டார், சொல் மட்டும் லாட்ஜ் வாடகைப் பலகையில் ஒட்டிக்கொண்டது.

மார்க்கெட்டிலிருந்து கமர்ஷியல் ரோடு வழியாகச் சேரிங் கிராஸ் போக ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். இந்த ஒன்றரை கிலோமீட்டர்தான் ஊட்டியை விமர்சிக்க நல்ல இடம். நடைபாதை என்று ஒன்று தொடங்கும், பத்தடி போனதும் ஒரு ஸ்வெட்டர் கடையின் சரக்கு அதன்மேல் தொங்கும், அதற்கடுத்து ஒரு பைக், அப்புறம் உடைந்த சிலாப், அப்புறம் நடைபாதையே கிடையாது. ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியதுதான். மழைத்தண்ணீரை டயர் வாரி நம்மேல் அடிக்கும். சீசன் இல்லாத செவ்வாய்க்கிழமையிலேயே இப்படி. மே மாதம் இதே ரோட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்கார அக்காவிடம் இப்போது வியாபாரம் எப்படி என்று கேட்டேன். “வியாபாரம் கம்மிதான் தம்பி. ஆனா சீசன்ல பாருங்க, எம்பொண்ணு ஸ்கூல்ல இருந்து நடந்தே வந்துருவா. பஸ்ல ஏறுனா நகராது” என்றார். கூட்டம் வந்தால்தான் அவருக்குக் காசு. கூட்டம் வந்தால் பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு நேரமாகும். இரண்டையும் ஒரே மூச்சில், குறைப்பட்டுக்கொள்ளாமல் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எட்டு பாயின்ட் பட்டியலுக்கு மாற்று என்று இப்போது இன்னொரு வகை எழுத்து வருகிறது. ‘ஆளில்லாத ஊட்டி’, ‘யாருக்கும் தெரியாத ஊட்டி’, மழையில் நனைந்த பெஞ்ச், புகைமூட்டமாக ஒரு மரம், கையில் ஒரு காபிக் கோப்பை. படிக்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஆள் இல்லாததை அழகு என்று சொல்ல, அங்கே சம்பாதிக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒருவரால்தான் முடியும். பொட்டானிக்கல் கார்டன் வாசலில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு போட்டோக்காரர் நின்றுகொண்டிருந்தார். மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். “இன்னும் போணி ஆகலைங்க” என்றார். குதிரை ஓட்டுகிறவர், லாட்ஜில் ரூம் பாய், சுண்டல் விற்கிற அம்மா எல்லோருக்கும் நவம்பர் இப்படித்தான். அந்த அமைதியை நான் ரசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ரசித்தேன். ஆனால் அதை எழுதும்போது போட்டோக்காரரை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு எழுதுவது, பட்டியல்காரர்கள் செய்வதைவிட மோசம் என்று தோன்றுகிறது. பட்டியல்காரர்களாவது அவருக்கு நாலு ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

கார்டன் பட்டியலில் இருப்பதுதான். 1848-ல் தொடங்கியது, வில்லியம் மெக்கைவர் என்ற தோட்டக்கலைஞர் உருவாக்கியது. பட்டியல்படி ஒரு மணி நேரம். கண்ணாடி மாளிகை, புல்வெளி, கல்லாகிப்போன மரம், செல்ஃபி, வெளியே வா. எனக்கு அவசரமில்லாததால் மேலே மேலே ஏறிக்கொண்டே போனேன். தோட்டம் படிப்படியாக மலைச்சரிவில் ஏறுகிறது. மேல் விளிம்பில் ஒரு தோடர் மந்து. அரைவட்டக் கூரை வைத்த அந்தக் குடிலை எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். அதைப் படத்தில் பார்ப்பதற்கும், கீழே கவர்னர் மாளிகையும் அரசாங்கத் தோட்டமும் விரிந்து கிடக்க அதற்கு மேலே நின்று பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. யாருடைய மேய்ச்சல் நிலத்தில் யார் தோட்டம் போட்டார்கள் என்பது அங்கே நின்றால் விளக்காமலே விளங்கும். கார் நிறுத்துகிற இடம் கீழே. வண்டி காத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்போடு வருகிறவர்கள் பெரும்பாலும் புல்வெளியோடு திரும்பிவிடுகிறார்கள்.

பட்டியலில் இல்லாதவற்றை மதியத்துக்கு மேல் பார்த்தேன். எல்லாம் கலெக்டர் ஆபீஸைச் சுற்றி, நடக்கிற தூரத்தில். புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-ல் அடிக்கல் நாட்டினார்கள். உள்ளே தாங்குகிற மரங்கள் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. தோற்றவனின் உத்தரத்தை ஜெயித்தவனின் கோயில் சுமக்கிறது. பின்னால் சரிவில் கல்லறைகள், அதில் சல்லிவனின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். பக்கத்தில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம். கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய அதே ஆள். கொஞ்சம் தள்ளி, சல்லிவன் 1822-ல் கட்ட ஆரம்பித்த ‘கல் பங்களா’. இன்றைக்கு அது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. இந்த ஊர் எங்கே தொடங்கியது என்று கேட்டால் காட்ட வேண்டிய கட்டடம் இது. வாசலில் குடையைப் பங்குபோட்டுக்கொண்டு மூன்று பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பட்டியலிலும் இதற்கு இருபது நிமிஷம்கூட ஒதுக்கி நான் பார்த்ததில்லை. காரணம் ரொம்ப சாதாரணம்: ஏற்றம், குறுகல், பார்க்கிங் இல்லை.

தொட்டபெட்டா போகவில்லை. கோத்தகிரி பஸ்ஸில் ஏறினால் ஜங்ஷனில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். 2,637 மீட்டர் உச்சியில் நின்று மேகத்தின் உட்புறத்தைப் பார்க்க அன்றைக்கு எனக்கு ஆசை இல்லை. கூடலூர் ரோட்டுப் பாயின்ட்டுகள் வேறு கதை. பைன் ஃபாரஸ்ட், ஷூட்டிங் மேடு, பைக்காரா எல்லாமே கூடலூர் பஸ் போகிற ரோட்டின் ஓரத்தில்தான் இருக்கின்றன. கோட்பாட்டளவில் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறலாம். நடைமுறையில், ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்கிற பலகை கிடையாது, மழைக்கு ஒதுங்க நிழற்குடை எல்லா இடத்திலும் கிடையாது. இடங்கள் தூரமாக இருப்பதால் கார் தேவைப்படவில்லை. காத்திருக்க இடம் இல்லாததால் கார் தேவைப்படுகிறது. (போகிற போக்கில் ஒன்று. பைன் ஃபாரஸ்ட் என்று டிக்கெட் போடுவது காடே இல்லை, நட்டு வளர்த்த மரத்தோட்டம். இந்த மலையின் இயல்பான முகம் சோலையும் புல்வெளியும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இப்போது இ-பாஸ் விஷயத்துக்கு வருகிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025-ல் ஒரு படி மேலே போய், ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை எண்ணிக்கைக்கே வரம்பு: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு. அரசு பஸ்ஸில், ரயிலில் வருகிறவர்களுக்கும் விலக்கு. மலை எவ்வளவு தாங்கும் என்று அரசாங்கம் யோசிக்க ஆரம்பித்தது நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைக்காரர்கள் எதிர்த்ததிலும் நியாயம் உண்டு.

ஆனால் இந்த விவாதம் முழுக்க எண்ணப்படுவது வண்டி. காருக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டால் 6,000 கார் என்பது 24,000 பேர். அதே 24,000 பேர் ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் வந்தால் 480 பஸ். கணக்கு போட்டுப் பார்த்தாலே ரோடு எவ்வளவு காலியாகும் என்று தெரிகிறது. இருந்தும் பஸ்ஸில் வருகிறவருக்கு இந்தத் திட்டத்தில் கிடைத்தது ‘விலக்கு’ மட்டுமே. உங்களைத் தடுக்க மாட்டோம் என்றார்கள். வந்து இறங்கினால் எங்கே நடப்பீர்கள், எங்கே ஒதுங்குவீர்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் விவாதத்துக்குள் அதிகம் வரவே இல்லை. கார் இல்லாமல் வருகிறவர் யாரும் எண்ணாத ஆள். எண்ணாத ஆளுக்காக யார் நடைபாதை போடுவார்கள்?

சீசனில் ஏற்பாடுகள் நடக்கவே இல்லையா என்றால், நடக்கின்றன. குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழிப் பாதை வைப்பார்கள். முக்கிய இடங்களை இணைத்துச் சுற்றுப் பேருந்து விடுவார்கள். நல்ல யோசனைகள். ஆனால் எல்லாம் கூட்டத்தைச் சமாளிக்க வந்த யோசனைகள், கூட்டம் போனதும் ஓய்வெடுக்கப் போய்விடுகிற யோசனைகள். கார் இல்லாமலும் இந்த ஊரைப் பார்க்கலாம் என்ற பழக்கம் ஜனங்களுக்கு வர வேண்டுமானால் அது மே மாதத்தில் ஆரம்பிக்காது. நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி காலியாக ஓடுகிற ஒரு சுற்றுப் பேருந்தில்தான் ஆரம்பிக்கும். நஷ்டத்தில் ஓடுமே என்பீர்கள். ஓடும். ரோட்டை அகலப்படுத்த ஆகிற செலவையும் மலையை வெட்டினால் ஆகிற செலவையும் யாரும் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லையே.

நான் தனி ஆள், கால் நல்லா இருக்கிறது, மழை கோட் இருக்கிறது. என் அம்மாவை இதே நாளுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அவருக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை பெரிய விஷயமில்லை. தினமும் கோயிலுக்கு அதைவிட அதிகம் நடக்கிறவர். வழியில் உட்கார ஒரு பெஞ்ச் இல்லை, நம்பிப் போகிற மாதிரி கழிப்பறை இல்லை. நான் பார்த்த ஒன்று பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ‘சீசன் இல்லீங்களே’ என்றார்கள். ‘வயசானவங்களோட போனா கார்தான் வசதி’ என்று பட்டியல்காரர்கள் எழுதும்போது இதைத்தான் வேறு மாதிரி சொல்கிறார்கள். கார் என்பது அங்கே வண்டி மட்டும் இல்லை, நகர்கிற பெஞ்ச், நகர்கிற நிழற்குடை.

சாயங்காலம் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை ரயில். பத்தொன்பது கிலோமீட்டர். இந்தப் பகுதியில் பல்சக்கரம் இல்லை, டீசல் என்ஜின்தான் இழுக்கிறது. லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். கேத்தியில் ரயில் நின்றபோது பெட்டியில் ஒருத்தர் இன்னொருத்தரிடம் “மூன்றாம் பிறை கிளைமாக்ஸ் இங்கதான்” என்றார். பாலு மகேந்திராவின் அந்தப் படம் 1982-ல் வந்தது. நாற்பது வருஷம் தாண்டியும் அந்த ஸ்டேஷனை ஜனங்கள் மறக்கவில்லை. அந்தப் படத்துக்கு அப்புறமும் முன்னாலும் நூற்றுக்கணக்கான டூயட்டுகளுக்கு ஊட்டி பின்னணியாக நின்றிருக்கிறது. ஷூட்டிங் மேடு என்ற பெயரே அதில் வந்ததுதான். மூன்றாம் பிறையில் மட்டும் ஏன் ஊர் மனசில் நிற்கிறது? அதில் கமல் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அங்கே குடியிருக்கிறவர். குளிரில் எழுந்து சமைத்து வேலைக்குப் போகிறவர். சுற்றிப் பார்க்க வந்தவரின் கண்ணால் பார்க்காத ஊட்டி தமிழ் சினிமாவில் அபூர்வம். நமது பயணக் கட்டுரைகளிலும் அபூர்வம்.

கேத்திப் பள்ளத்தாக்கில் அப்போது மழை வலுத்தது. பெட்டியில் பேச்சும் மாறியது. யார் வீட்டுக்குப் பின்னால் மண் இளகியிருக்கிறது, எந்த ரோட்டில் மரம் விழுந்தது, நாளைக்கு ஸ்கூல் லீவு விடுவார்களா. 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கேத்தி சுற்றுவட்டாரத்தில் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நமக்கு ‘ஒண்ணும் இருக்காத’ மாதம் இங்கே இருக்கிறவர்களுக்கு ராத்திரி தூக்கம் வராத மாதம். எதிர் சீட்டில் இருந்த பெரியவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, சரிவில் புதிதாக எழும்புகிற ஒரு கட்டடத்தைக் காட்டி, “ரிசார்ட்டுங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். நவம்பரில் போவதானால் கிளம்பும் முன் ரயில் ஓடுகிறதா, ரோடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் போகாதீர்கள். மலையை நம்பிப் பந்தயம் கட்ட வேண்டாம். எட்டு பாயின்ட்டில் கார்டனை மட்டும் வைத்துக்கொண்டு, மார்க்கெட்டையும் தேவாலயப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒரு பகல் தாராளமாகச் சரியாக இருக்கும், நடுவில் எங்கேயும் வண்டி தேவைப்படாது. இருட்டுவதற்குள் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். வாசலில் நிற்கிற போட்டோக்காரரிடம் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், போனில் எடுத்தது போதும் என்று நினைத்தாலும். வர்க்கி வாங்கினால் அங்கேயே டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிடுவது உத்தமம். ஊருக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் பையை இறுக்கக் கட்டச் சொல்லுங்கள். இந்த மழைக்கு மேட்டுப்பாளையம் வருவதற்குள் நமுத்துவிடும்.